தொடாதே என்று பிலோமினா சொன்ன சட்டை

திருவந்திபுரத்தில் அன்று பெரிய முகூர்த்தம். மலைப்படிகள் முழுக்க மணமக்கள். எந்த மேளம் எந்தக் கல்யாணத்துக்கு வாசிக்கிறது என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடாக இருந்தது. என் தம்பி மகளுக்கும் அங்கேதான் திருமணம். தாலி கட்டி முடிந்து கீழே மண்டபத்தில் பந்தியில் உட்கார்ந்தபோது கைப்பைக்குள் போன் விடாமல் அதிர்ந்துகொண்டிருந்தது. எடுத்துப் பார்த்தேன். எங்கள் கல்லூரியில் ஓய்வு பெற்றவர்களின் வாட்ஸ்அப் குழுவில் வரிசையாகக் கும்பிடும் கைகள். யாருக்கு என்று தெரியாமல் மேலே தள்ளிக்கொண்டே போனேன். கடைசியில் பிலோமினாவின் படம் வந்தது. விடிகாலையில் கடலூர் வீட்டில் மாரடைப்பு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக நேரமில்லை என்று எழுதியிருந்தார்கள்.

பக்கத்து இலையில் இருந்த என் நாத்தனார், “யாரு அண்ணி?” என்று கேட்டாள். “கூட வேல பாத்தவங்க” என்றேன். இருபத்திரண்டு வருடம் ஒரே அறையில் எதிரெதிர் மேசையில் உட்கார்ந்திருந்தவளை அப்படிச் சொன்னேன். சொல்லிவிட்டு இலையை மூடினேன். யாரும் கவனிக்கவில்லை.

இந்த நினைவு மலருக்கு எழுதச் சொல்லி நண்பர்கள் என்னைக் கேட்டபோது, “உங்களவிட அவுங்களத் தெரிஞ்சவங்க யாரு மேடம்?” என்றார்கள். அது உண்மைதான். ஆனால் கடைசி ஆறு வருடம் நான் அவளோடு பேசவில்லை என்பது அவர்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் வேறு யாரையாவது கேட்டிருப்பார்கள். ஏன் பேசவில்லை என்பதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. இங்கே சொல்லிவிடுகிறேன். உங்களுக்கெல்லாம் அவர் பேராசிரியர், எனக்கு அவள் பிலோ. “அவர்” என்று எழுதிப் பார்த்தேன், கை வரவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிதம்பரத்தில் எங்கள் கல்லூரியின் மனையியல் துறையில் பழைய துணிகளுக்கென்று ஓர் ஆய்வறை இருந்தது. தையல், நெசவு, பராமரிப்பு எல்லாம் என் பொறுப்பு. வேதியியல் தெரிந்த ஒருவர் வேண்டுமென்று கேட்டதற்கு பிலோமினாவை அனுப்பினார்கள். வந்த முதல் நாளே அலமாரிக்குள் ஒரு வெப்பமானியைத் தொங்கவிட்டு, அதற்கு நேர் மேலே இருந்த குழல்விளக்கைக் கழற்றச் சொன்னாள். “அது எரிஞ்சாதான மேடம் உள்ள இருக்கறது தெரியும்?” என்றேன். “அது எரிஞ்சா உள்ள இருக்கறது இருக்காது” என்றாள். சரியான திமிர் பிடித்தவள் வந்து சேர்ந்திருக்கிறாள் என்று அன்று வீட்டில் போய்ச் சொன்னேன்.

அவள் அப்பா கடலூர் ஓல்டு டவுனில் இஸ்திரிக் கடை வைத்திருந்தவர். கரிப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் அவள் படித்திருக்கிறாள். பிறகு அதே சூடு பருத்தியை என்ன செய்கிறது என்பதையே ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டமும் வாங்கினாள். “எங்கப்பாவுக்கும் சோறு போட்டது சூடுதான், எனக்கும் சூடுதான்” என்று சிரிப்பாள். மூடிக் கிடந்த துணியைப் பிரித்ததும் முதலில் முகர்ந்துதான் பார்ப்பாள். எந்தத் துணி கஞ்சி போட்டுத் தேய்த்தது, எது கருகலின் விளிம்பு வரை போய்த் தப்பியது என்று மூக்காலேயே சொல்லிவிடுவாள். நான் கேலி செய்வேன். அவளுக்குக் கோபம் வராது.

ஒரு முறை கோபம் வந்திருக்க வேண்டும். அறையில் சோதனைக்கென்று ஒரு மின்சாரச் சூட்டு அடுப்பு இருந்தது. அதற்குள் புது வேட்டித் துணியை விரல் அகலத்துக்குக் கத்தரித்துத் தொங்கவிட்டிருந்தாள். பெரிய சூடு இல்லை, இஸ்திரிப் பெட்டியின் சூட்டைவிடக் குறைவுதான். ஆனால் வாரக்கணக்கில் விடாமல் வைத்தாள். திங்கட்கிழமைதோறும் ஒரு துண்டை எடுத்து இயந்திரத்தில் மாட்டி அறுந்துபோகும் வரை இழுப்பாள், குறித்துக்கொள்வாள். நான் என்ன செய்தேன் என்றால், அவள் வகுப்புக்குப் போன நேரம் பார்த்து என் சாப்பாட்டு டப்பாவை அந்த அடுப்பில் வைத்துச் சுடவைத்துக்கொண்டேன். ஒரு வாரம் யாருக்கும் தெரியவில்லை. ஒரு திங்கட்கிழமை உள்ளேயிருந்து எதையோ விரல் நுனியில் ஒற்றியெடுத்து என்னிடம் நீட்டினாள்.

“கலா, இதுக்குள்ள கடுகு எப்படிடி வந்துச்சு?”

நான் முழித்தேன். “முப்பத்தஞ்சு நாளா சூடு மாறாம வெச்சுக்கினு வந்தன். உன் சாம்பார் சாதம் உள்ள போயி ஆவி விட்டுடுச்சு” என்றாள். அத்தனை துண்டுகளையும் எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு, புதுத் துணியை எடுத்து முதலிலிருந்து கத்தரிக்க ஆரம்பித்தாள். துறைத் தலைவர் தாமதம் ஏன் என்று கேட்டதற்குக்கூட என் பெயரைச் சொல்லவில்லை. மறுநாள் சூடு ஆறாத டப்பா ஒன்றை வாங்கிவந்து என் மேசையில் வைத்திருந்தாள். அதில்தான் ஓய்வு பெறும் வரை சாப்பிட்டேன்.

புதிதாக வைத்த துண்டுகளில் ஒன்றை ஒரு நாள் என் கையில் கொடுத்து, “என்ன நெறம்?” என்று கேட்டாள். வெள்ளை என்றேன். “இழு” என்றாள். இழுத்தேன். காய்ந்த அப்பளம் மாதிரி விட்டுப்போயிற்று. “பாத்தியா, கண்ணுக்கு ஒண்ணுமே தெரியல. பலம் மொதல்ல போயிடும் கலா. நெறம் கடைசியாத்தான் மாறும்.” பருத்தி நூல் என்பது மிக நீண்ட சங்கிலி, சூடு அதை அங்கங்கே துண்டிக்கிறது, துண்டுபட்ட இடங்கள்தான் மெல்ல மஞ்சளாகி, பழுப்பாகித் தெரிகின்றன, அப்போது உண்டாகும் அமிலப் புளிப்பு மிச்சத்தையும் அரிக்கிறது என்று விளக்கினாள். அதிகச் சூட்டில் ஒரு நிமிடத்தில் நடப்பது, குறைந்த சூட்டில் பத்து வருடத்தில் நடக்கும். “எரியறதுக்கு நெருப்பு வேணும்னு இல்ல, நாள் இருந்தா போதும்” என்பாள். இதை அவள் வகுப்பில் கேட்ட மாணவிகள் இந்த மலரைப் படிக்கிறவர்களில் பலர் இருப்பீர்கள்.

கடலூர்க் குடும்பம் ஒன்று மூன்று தலைமுறைக் குழந்தைகளுக்குப் போட்ட ஞானஸ்நான அங்கியை எங்களிடம் கொடுத்திருந்தது. மெல்லிய பருத்தி, நெஞ்சில் வெள்ளை நூல் பூவேலை. கண்காட்சிக்கு வைத்தபோது ஒரே சுருக்கமாக இருந்தது. அப்போதைய முதல்வர் பார்த்துவிட்டு, விருந்தினர் வருவதற்குள் தேய்த்து வைக்கச் சொன்னார். பிலோமினா அந்த மேசைக்கு முன்னால் வந்து நின்றுகொண்டாள். ஒவ்வொரு மடிப்பின் விளிம்பிலும் பென்சில் கோடு மாதிரி ஓடிய பழுப்பைக் காட்டினாள். ஒவ்வொரு ஞானஸ்நானத்துக்கும் கஞ்சி போட்டு, பெட்டியை அழுத்தி ஓட்டிய இடம் அது. “மூணு தலமுற தேச்சது போதும் சார்” என்றாள். முதல்வருக்கு முகம் சிவந்துவிட்டது. அங்கி சுருக்கத்தோடேயே கண்ணாடிக்குள் இருந்தது. எனக்கோ உள்ளூர எரிச்சல். சின்னச் சூட்டில், மேலே ஈரத்துணி போட்டு நான் தேய்த்திருப்பேன், ஒன்றும் ஆகியிருக்காது என்று நினைத்தேன். என் வேலை அது, அதில் எனக்குப் பெருமை உண்டு. அவள் வந்ததிலிருந்து அந்த அறையில் எதற்கும் அவளைத்தான் கேட்டார்கள். அந்தப் பொறாமையையும் இங்கே மறைக்கப் போவதில்லை.

அஞ்சலைக்கு வருகிறேன். கிள்ளைப் பக்கத்துக் கடலோரக் குப்பத்திலிருந்து காலை பஸ்ஸில் மீன்கூடையோடு வந்து எங்கள் தெருவில் விற்பவள். நான் பழைய துணிகளோடு வேலை செய்கிறேன் என்று யார் சொன்னார்களோ, ஒரு நாள் மஞ்சள் பையோடு ஆய்வறைக்கே வந்துவிட்டாள். பைக்குள் நான்கைந்தாக மடித்த ஒரு சின்னச் சட்டை. மடிப்பு ஓரமெல்லாம் டீத்தூள் நிறம்.

“பழுப்பு ஏறிக்கினே போவுது டீச்சர். வெளுத்துக் குடுங்க” என்றாள்.

மாசி மகத்துக்கு சாமி பார்க்க, புருஷனின் வேட்டியைக் கிழித்து மகன் சுதாகருக்குத் தைத்தது. அவனுக்கு அப்போது ஐந்து வயது. அந்த டிசம்பரில் சிதம்பரத்தில் தங்கை வீட்டுக்கு வந்துபோனபோது சட்டையை அங்கேயே மறந்து வைத்துவிட்டார்கள். இரண்டு நாள் கழித்து சுனாமி வந்தது. வீடு, போட்டோ, பையனின் சிலேட்டு, எதுவும் மிஞ்சவில்லை. பையனும் இல்லை. மறந்துபோன இந்தச் சட்டை மட்டும் இருந்தது. வருடா வருடம் அந்தத் தேதியில் விளக்குக்கு முன்னால் தாம்பாளத்தில் வைத்துக் கும்பிட்டுவிட்டு மறுபடி பெட்டியில் வைத்துவிடுவாள்.

“கையப் புடிச்சுக்கினுதான் டீச்சர் ஓடுனன்” என்றாள். “எப்ப வழுக்குச்சுன்னு தெரியல.” அழவில்லை. தன் வலது உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

பிலோமினா சட்டையை மேசையில் வைத்து, தையலுக்குள் இருந்த ஓர் இழையை ஊசி நுனியால் இழுத்தாள். சத்தமில்லாமல் அறுந்தது.

“எதுல வெச்சிருக்க அஞ்சல?”

“தகரப் பொட்டியிலம்மா.”

“பொட்டி எங்க இருக்கு?”

“கொட்டாயில, சீட்டுக்குக் கீழ பரண் மேல. அங்கதான் எலி வராது.”

பிலோமினா கண்ணை மூடிக்கொண்டாள். இரும்புத் தகடு வேய்ந்த கூரைக்கு ஒரு முழம் கீழே, தகரப் பெட்டிக்குள், பதினான்கு கத்திரி வெயில். அவள் அடுப்பில் செய்ததைத்தான் அந்தக் கொட்டகை செய்திருக்கிறது. “இது அழுக்கு இல்ல அஞ்சல. அழுக்குன்னா தொவச்சா போயிடும். நூலே பழுத்துப்போச்சு. வெளுத்தா இப்ப வெள்ள ஆவும், அப்பறம் உதுந்துடும். நான் வெள்ளையாக்கித் தர மாட்டன். இருக்கற மாதிரியே ரொம்ப நாள் இருக்கப் பண்றன்” என்றாள். அஞ்சலைக்குப் பாதிதான் புரிந்தது. சட்டையை விட்டுவிட்டுப் போனாள்.

அந்த வாரமே பிலோமினா மகளின் பிரசவத்துக்குப் பெங்களூர் போக வேண்டியிருந்தது. போகும்போது என்னிடம், “தொடாத கலா. வந்து நான் பாத்துக்கறன்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

தொட்டேன். டிசம்பரில் அந்தத் தேதிக்கு இரண்டு நாள் முன்பு அஞ்சலை வந்து நின்றாள். “அன்னிக்கு வெளக்கு முன்னால வெக்கணுமே டீச்சர்” என்றாள். இருந்தபடியே எடுத்துக் கொடுத்திருக்கலாம். மறுநாள் வரச் சொன்னேன். பாவம் பார்த்துத்தான் செய்தேன். பிலோ ஒருத்திதான் படித்தவளா என்ற நினைப்பும் சேர்ந்துதான் செய்தேன். ப்ளீச்சிங் பவுடரை மிக லேசாகக் கரைத்து, நனைத்து எடுத்து, பலமுறை அலசி நிழலில் உலர்த்தினேன். வெள்ளை வந்துவிட்டது. ஆனால் ஒரே சுருக்கம். தாம்பாளத்தில் அப்படி வைக்கவா என்று மெல்லிய துணியை மேலே விரித்துக் குறைந்த சூட்டில் தேய்த்தேன். கழுத்துப்பட்டி மட்டும் மடங்கிக்கொண்டே இருந்தது. சூட்டைக் கொஞ்சம் ஏற்றி, பெட்டியை அதன் மேல் சற்று நேரம் அழுத்தி வைத்தேன்.

அஞ்சலை அதை வாங்கி முகத்தில் வைத்துக்கொண்டாள். “இப்பதான் தச்ச மாதிரி இருக்கு டீச்சர்” என்று சொல்லிச் சட்டென்று குனிந்து என் காலைத் தொட்டாள். நான் பதறி விலகினேன். ஆனால் அன்று முழுவதும் மனசு நிறைந்திருந்தது. அந்த நிறைவை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

பொங்கலுக்கு முன்னால் பிலோமினா திரும்பி வந்தாள். பேரன் பிறந்த இனிப்பை என் வாயில் ஊட்டினாள். நான் சட்டையை வெளுத்துக் கொடுத்ததைப் பெருமையாகச் சொன்னேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“ப்ளீச் போட்டியா?”

“கொஞ்சமா.”

“அப்பறம் தேச்சியா?”

“கொஞ்சமாத்தான். பளிச்சுன்னு வந்துச்சு பிலோ. நீ பாக்கணும்.”

“காலரு?”

ப்ளீச் பட்டு அடிபட்ட நூலில் சூடு வைத்தால் என்ன ஆகும் என்று எனக்கே தெரியும். பாடமாகவும் நடத்தியிருக்கிறேன். இப்போது வெள்ளையாகத் தெரியும், அடுத்த கோடையில் முன்னைவிடப் பழுத்துவிடும், தொட்டால் உடையும். அவள் எழுந்து பையை எடுத்தாள். “வா, கிள்ளைக்குப் போலாம். அஞ்சலகிட்ட சொல்லிட்டு வந்துடலாம்.”

“என்னத்த சொல்றது? சந்தோஷமா இருக்கறவள எதுக்கு அழ வெக்கணும்? ஒடையறப்ப ஒடையட்டும், பழைய துணிதானேன்னு நெனச்சுக்குவா.”

“அப்படி நெனைக்க மாட்டா. அது ஒடையறப்ப அவ கையிலதான் இருக்கும். தன் கைதான் ஒடச்சிச்சுன்னு நெனப்பா. ஏற்கெனவே அந்தக் கைய வெச்சுக்கினு பதினாலு வருஷமா கெடக்கறா கலா.”

எனக்குச் சுருக்கென்று பட்டது. பட்டால் வாயை மூடிக்கொள்ளும் பழக்கம் எனக்கு என்றைக்கும் இல்லை. “உங்கப்பாகூட எத்தன பேரு துணியக் கருக்கியிருப்பாரு? வீடு வீடாப் போயி சொல்லிக்கினா இருந்தாரு?” என்று கேட்டேன். அந்த வார்த்தையைக் கேட்ட அவள் முகம் எப்படி இருந்தது என்று எழுத எனக்குத் தைரியம் இல்லை.

“போனாரு” என்றாள். “துணியக் கருக்கிட்டா மத்த துணியோட மூட்ட கட்டிக் குடுத்துட மாட்டாரு. அவுங்க வீட்டுக்கே போயி, பிரிச்சுக் காட்டி, நான்தான் கருக்கிட்டன்னு சொல்லுவாரு. அவுங்க பிரிச்சுப் பாக்கறதுக்கு முன்னாடி நாம சொல்லிடணும்னுவாரு. நானும் கூடப் போயிருக்கன். திட்டுவாங்க. நின்னு வாங்கிக்கினு வருவாரு.”

அவள் குரல் உயரவில்லை. பையை மாட்டிக்கொண்டு வெளியே போனாள். வாசலில் ஒரு நிமிடம் நின்றாள். நான் வருவேன் என்று நினைத்தாளோ என்னவோ. நான் விடைத்தாள் கட்டை எடுத்து வைத்துக்கொண்டு திருத்துவதுபோல உட்கார்ந்திருந்தேன்.

அதற்குப் பிறகு அந்த அறைக்கு நான் போவதைக் குறைத்துக்கொண்டேன். எதிரில் வந்தால் அவள் “கலா” என்பாள். நான் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்துவிடுவேன். அடுத்து கொரோனா வந்தது. எல்லோருக்கும் பேசாமல் இருக்க ஒரு காரணம் கிடைத்தது, எனக்கும் கிடைத்தது. அவள் ஓய்வு பெற்ற நாளில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, மாலை போட்டதும் எழுந்து வந்துவிட்டேன். தெருமுனையில் அஞ்சலையின் குரல் கேட்டால் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனேன். சில மாதங்களில் அவள் எங்கள் தெருவுக்கு வருவதையே விட்டுவிட்டாள். நிம்மதி என்றுதான் நினைத்தேன்.

கல்யாண மண்டபத்திலிருந்து நேராகக் கடலூர் போனேன். அதே பட்டுப்புடவை. மாற்றிக்கொண்டு வரக்கூடத் தோன்றவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் பிலோ மிகவும் சின்னதாகக் கிடந்தாள். ஆறு வருடத்தில் தலை முழுக்க வெளுத்திருந்தது எனக்குத் தெரியவே தெரியாது. தலைமாட்டில் நின்று, “பிலோ, நான் வந்துட்டன்டி” என்றேன். காலம் கடந்து சொன்னேன். அழுகையை அடக்க முடியவில்லை. அவள் மகள்தான் என்னைப் பிடித்து உட்கார வைத்தாள்.

கல்லறைத் தோட்டத்தில் மண் போட்டுவிட்டுத் திரும்பியபோது வாசலில் அஞ்சலை நின்றிருந்தாள். பார்க்காத மாதிரி போய்விடலாமா என்று ஒரு கணம் கால் தயங்கியது, அதையும் சொல்லிவிடுகிறேன். அவளே அருகில் வந்தாள்.

“இனிமே பொட்டிய யாரு டீச்சர் தொறப்பாங்க?” என்று கேட்டாள். “வருஷா வருஷம் அந்தத் தேதிக்கு அவுங்கதான் வந்து தொறந்து வெப்பாங்க. எனக்குத் தொட பயம்.”

“நான் வரன் அஞ்சல” என்றேன்.

டிசம்பரில் சிதம்பரத்திலிருந்து பிச்சாவரம் போகும் பஸ்ஸில் ஏறிக் கிள்ளையில் இறங்கினேன். ஆறு வருடம் முன்பு வந்திருக்க வேண்டிய அதே பாதை. பாதி வழியில் இறங்கித் திரும்பிவிடலாமா என்று இரண்டு முறை நினைத்தேன். அஞ்சலையின் வீட்டில் தகரப் பெட்டி இல்லை. உள் அறையில் கட்டிலுக்கு அடியில், சுவரிலிருந்து தள்ளி, ஒரு தட்டையான அட்டைப் பெட்டி. மூடியின் மேல் பிலோவின் கையெழுத்து, பென்சிலில்: வெயில் படாத இடத்தில் வைக்கவும். மடிக்க வேண்டாம். அஞ்சலை எப்போது வேண்டுமானாலும் தொடலாம்.

மூடியைத் திறந்தேன். கஞ்சி போகத் துவைத்த மெல்லிய துணியின் மேல் சட்டை மடிப்பில்லாமல் விரிந்து கிடந்தது. நான் கொடுத்தனுப்பிய வெள்ளை எங்குமே இல்லை. தோள் இரண்டும் விட்டிருந்தன. கழுத்துப்பட்டி தனியாக மூன்று துண்டு, அழுத்தி வைத்த இடம் மட்டும் கருகலாக. ஒரு துகளைக்கூட விடாமல் அதனதன் இடத்தில் பொருத்தி வைத்திருந்தாள் பிலோ.

அஞ்சலை விளக்கேற்றிவிட்டு, டீ போட்டுக் கொண்டுவந்தாள். தட்டில் மூன்று டம்ளர்.

“வேற யாராச்சும் வராங்களா?” என்று கேட்டேன்.

“இல்ல டீச்சர். பழக்கத்துல போட்டுட்டன். அவுங்க வந்தா எப்பவும் மூணா போடச் சொல்லுவாங்க. கலா வந்தாலும் வருவா, பஸ்ஸு லேட்டா இருக்கும்னுவாங்க. ஆறிப்போனப்பறம் அதையும் அவுங்களே குடிச்சிட்டுக் கெளம்புவாங்க.”

பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டு சொன்னேன். “அஞ்சல, இத வெளுத்ததும் நான்தான், தேச்சதும் நான்தான். பிலோ தொடாதன்னு சொல்லிட்டுப் போச்சு. நான் கேக்கல. காலர்ல இஸ்திரிப் பெட்டிய அழுத்தி வெச்சன். அதனாலதான் ஒடஞ்சுச்சு. என் கையாலதான் போச்சு.”

அவள் விளக்கின் திரியைத் தூண்டிவிட்டாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

“அந்தக் கத்திரியில எடுத்துப் பாத்தன் டீச்சர். கையில எடுத்தன், தோளு விட்டுடுச்சு. இது ஒடையும், உன்னால இல்ல, எங்க லேப்புல பண்ண தப்புன்னு அவுங்க முன்னாடியே வந்து சொல்லித்தான் இருந்தாங்க. டீச்சர் வெளுத்ததாலயான்னு கேட்டதுக்கு, அத அவளே வந்து சொல்லுவான்னாங்க.” முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். “ஆனா நீ வரல. எம் மனசு ஆறட்டும்னுதான் அவுங்க அப்படிச் சொல்றாங்கன்னு நெனச்சுட்டன். என் கைதான்னு நெனச்சுக்கினு இருந்தன் டீச்சர், இத்தன வருஷமும்.”

பிறகு வலது கையைப் புடவையில் நன்றாகத் துடைத்துவிட்டு, ஒரு விரலால் சட்டையின் கைப்பகுதியைத் தொட்டாள். அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் உடையவில்லை.

பிலோமினாவின் குறிப்பேடுகள் கல்லூரியில் இருக்கின்றன. வெப்பமானியை அவள் மகள் எடுத்துப்போனாள். அவளிடமிருந்து எனக்கென்று இருப்பது டிசம்பரில் ஒரு நாளும் கிள்ளைக்கு ஒரு பஸ் பயணமும்தான். இனி வருடா வருடம் நான்தான் போய் அந்தப் பெட்டியைத் திறப்பேன். அன்று அஞ்சலை தன் டீயைக் குடித்தாள், நான் என்னுடையதைக் குடித்தேன். மூன்றாவது டம்ளர் ஏடு படிந்து ஆறிப்போகும் வரை இருந்தேன். பிறகு அதையும் எடுத்துக் குடித்துவிட்டு பஸ்ஸுக்குக் கிளம்பினேன்.